இல்லாத பாடகிக்காக எழுந்து நின்ற மண்டபம்

வணக்கம் உறவுகளே, தலவாக்கலையிலிருந்து பேசுகிறேன். ஒசாக்காவில் வேலை செய்யும் அண்ணாவிடம் போயிருந்தபோது, இன்டெக்ஸ் ஒசாக்கா மண்டபத்தில் ஹட்சுனே மிக்குவின் ‘மெஜிக்கல் மிராய்’ இசை நிகழ்ச்சியை நேரில் பார்த்தேன் என்று சொன்னதும், கணினி பாடுவதைக் கேட்க எதற்கு டிக்கெட் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். உள்ளே படம்பிடிக்க அனுமதி இல்லாததால் மேடையைக் காட்ட முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

சப்போரோ நகரின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம், யமஹாவின் வோக்கலாய்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2007 ஓகஸ்ட் 31 அன்று வெளியிட்ட பாடும் மென்பொருள்தான் மிக்கு. குரல் நடிகை சாகி ஃபுஜிதா பதிவுசெய்து கொடுத்த ஒலித்துணுக்குகளை, நாம் கொடுக்கும் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஏற்ப அது கோத்துப் பாடும். அதற்கென வரையப்பட்ட பெண்ணுக்கு அன்றும் பதினாறு வயது, இன்றும் பதினாறு.

மேடை நடுவே ஒளி ஊடுருவும் பெரிய திரை இருக்கிறது. பின்னாலிருந்து புரொஜெக்டர்கள் அதில் உருவத்தைப் பாய்ச்சுகின்றன. ஹொலோகிராம் என்று பலரும் சொன்னாலும் அது தட்டையான படமே. எனக்குக் கிடைத்தது ஓரத்து இருக்கை என்பதால் அந்தத் தட்டைத்தன்மை நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் கண் அவரை விட்டு அகலவில்லை.

நான் அதிகம் கவனித்தது வாத்தியக்காரர்களைத்தான். மிக்குவின் குரலும் அசைவும் முன்பே தயாரானவை என்பதால் அவை யாருக்காகவும் காத்திருக்காது. கிட்டாரும் கீபோர்ட்டும் ட்ரம்ஸும் வாசிக்கும் மனிதர்கள்தாம் இம்மி பிசகாமல் அவற்றோடு ஒட்டிப் போக வேண்டும். ஒரு பாட்டு தொடங்குமுன் ட்ரம்ஸ் கலைஞர் கோல்களை உயர்த்தியபடி, காதில் ஒலிக்கும் தாளக் கணக்குக்காக அசையாமல் இருந்தார். அந்த மௌனத்திலேயே, எனக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடப் பையன் தன் ஒளிக்கோலின் பொத்தானை அழுத்தி மிக்குவின் நிறமான நீலப்பச்சையை இளஞ்சிவப்பாக மாற்றிக்கொண்டான். வரப்போவது மிக்குவைப் போலவே இன்னொரு மென்பொருள் பாடகியான மெகுரினே லுகா என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த நொடி மண்டபமே இளஞ்சிவப்பானது. அதே வகைப் பாடகர்களில் கைட்டோ வந்தால் நீலம், மெய்க்கோ வந்தால் சிவப்பு, யாரும் அறிவிப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது, ரதியாக வேடங்கட்டி ஒப்பாரி வைப்பவர் பக்கத்து லயத்து மாமா என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் காமன் எரிந்த பின் அவர் அழும்போது நம் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் அல்லவா? ஒசாக்காவிலும் மிக்கு இல்லை என்பதை அறியாத எவரும் இருக்கவில்லை. அவர் பாடிய பாட்டுகளில் பெரும்பகுதி, பாடகர் கிடைக்காத, ஸ்டூடியோவுக்குக் காசில்லாத இளைஞர்கள் தம் அறைக்குள்ளிருந்து இயற்றி நிக்கோ நிக்கோ போன்ற காணொளித் தளங்களில் ஏற்றிய மரபிலிருந்து வந்தவை. அந்த மண்டபம் எழுந்து நின்றது அவர்களுக்காக என்றே நான் நம்புகிறேன். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் மலையகத்தில் பாட்டெழுதிக் கொப்பிக்குள் மூடி வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வோக்கலாய்டில் தமிழ்க் குரல் இல்லை. ஆனால் 2008இல் வெளியான உட்டாவ் என்ற இலவச மென்பொருளில் யாரும் தம் குரலை அசை அசையாகப் பதிந்து ஒரு பாடகரை உருவாக்கலாம். நம் அரிச்சுவடியே அதற்குப் பாதிப் பட்டியல்: க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாடிப் பதிந்தால் போதும் என்று தோன்றும், ஆனால் ‘கல்’லில் வரும் ககரம் வேறு, ‘மகன்’இல் வரும் ககரம் வேறு, ‘பங்கு’வில் வருவது இன்னொன்று என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிய வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை நானும் என் மச்சாளும் எழுதி வருகிறோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிவாங்கியில் வேறெதுவும் கேட்காது, ஆகவே பதிவைத் தை, மாசியில் வைத்திருக்கிறோம். குரல் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் அதற்குள் எனக்கு எழுதுங்கள். ழகரம் சுத்தமாக வருபவர்கள் முதலில் எழுதுங்கள்.