எல்லோருக்கும் கொடுத்தால்தான் ஏழைக்குப் போய்ச் சேரும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அரசின் உதவி ஏழைகளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்பது தலைப்பு. காரில் வந்து இறங்கி ரேஷன் அரிசி வாங்குகிறவரைப் பற்றி எதிரணித் தோழர் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. கோபம் வருகிற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அதே வரிசையில் ஓர் அம்மா நிற்கிறார். காரில் வந்தவரைத் தடுக்க நாம் வைக்கிற ஒவ்வொரு தடையும் முதலில் அந்த அம்மாவைத்தான் தடுக்கும். என் பேச்சு முழுவதும் அவரைப் பற்றியதுதான்.

ஏழை யார் என்று யார் முடிவு செய்வது? 2011 செப்டம்பரில் மத்திய திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவு செய்கிறவர் ஏழை இல்லை என்றது. அப்போ 33 ரூபாய் செலவு செய்தவர் வசதிக்காரரா? கோட்டை உயர்த்தலாமே என்பீர்கள். எங்கே போட்டாலும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கூலித் தொழிலாளி நிற்பார். அவருடைய வருமானமோ மாதத்துக்கு மாதம் மாறும். தை அறுவடையில் வேலை இருக்கும், ஐப்பசி அடைமழையில் அடுப்பே எரியாது. வருமானச் சான்றிதழில் எந்த மாதத்தை எழுதுவது? அந்தச் சான்றிதழுக்காக விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று அலைகிற நாட்களின் கூலியை யார் தருவது? வசதியானவருக்கு இதெல்லாம் ஒரு போன் பேச்சில் முடிந்துவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை, நாடே பட்டுப் பார்த்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது. எதிரணி இன்று கேட்பது அதைத்தான். என்ன ஆனது? 2005-ல் அதே திட்டக் குழு ஆய்வு செய்து பார்த்தபோது, ஏழைக் குடும்பங்களில் 57 விழுக்காடுதான் திட்டத்துக்குள் வந்திருந்தது. ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மானிய தானியத்தில் பாதிக்கும் மேல் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஊர்ப் பெரியவரின் உறவினருக்கு அட்டை கிடைத்தது, ஊர்க்கோடிக் குடிசைக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கேட்பவர் எல்லோருக்கும் அரிசி அட்டை என்ற வழியில் நின்றது. ஜான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 2004-05 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தபோது, இந்திய அளவில் ரேஷன் தானியத்தில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்திருந்தது. தமிழ்நாட்டில் அது பத்து விழுக்காட்டுக்கும் கீழே. காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். பள்ளி ஆசிரியரும், கடைக்காரரும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும் ஒரே கடையில் நிற்கிறார்கள். அரிசியில் புழு இருந்தால் ஆசிரியர் சத்தம் போடுவார், கலெக்டருக்கு மனு எழுதுவார். அந்தச் சத்தத்தால் சித்தாளுக்கும் நல்ல அரிசி வரும். ஆசிரியரை வரிசையிலிருந்து நீக்கிப் பாருங்கள், புழுத்த அரிசியைப் பற்றிக் கேட்க அந்தக் கடையில் ஆள் இருக்காது.

இங்கேயும் வடிகட்டிப் பார்த்தார்கள். மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அட்டையில் ‘எச்’ முத்திரை, அரிசி கிடையாது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றதும் ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது.

எதிரணித் தோழர் அரிசிக் கடத்தலையும் சொன்னார். கடத்தல் நடக்கிறது, உண்மை. அதைப் பிடிக்கத்தான் குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. லாரியில் மூட்டை கடத்துகிறவனுக்காகக் கிழவியின் அட்டையைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரை இணைக்கவில்லை என்று ஒரு குடும்பத்தின் ரேஷன் அட்டையை நீக்கினார்கள். அந்த வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். மலேரியா என்றது அரசு. சோறு கேட்டுக்கொண்டே உயிர் போனது என்றார் அவள் தாய். போலி அட்டைகளை ஒழிக்கிறோம் என்ற பெயரில் நடந்தது இது.

நம் மாநிலத்தின் இன்றைய நிலைக்கு வருகிறேன். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஏறி உட்கார்ந்தால் போதும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் கோடு போட்டார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், தொடக்கத்தில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். மற்றவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் வாழ்கிற வீட்டில் 3,600 யூனிட்டைத் தாண்டுவது பெரிய விஷயமா? இவர்களில் யாராவது பேருந்தில் ஏற மேல்முறையீடு செய்ததுண்டா? உரிமை என்று பெயர் வைத்துவிட்டு, அதற்குத் தகுதியை நிரூபிக்கச் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

எல்லோருக்கும் கொடுக்கப் பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இதையே கேட்டார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றமே நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரச் சொல்லி உத்தரவிட்டது. அந்தப் பந்தியில் யாரும் பிள்ளையின் அப்பா சம்பளத்தைக் கேட்பதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அன்றைக்கு எந்தக் கம்பெனியிடமும் வறுமைச் சான்றிதழ் கேட்கவில்லை.

நடுவர் அவர்களே, காரில் வந்தவரிடமிருந்து அரசு தன் பங்கை வாங்க வேண்டும் என்று எதிரணி ஒரு மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அந்த மனுவை வருமான வரி அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். ரேஷன் கடை வாசலுக்குக் கொண்டு வராதீர்கள்.