பழுது பார்த்த வாத்தியார்: பார்க்கர் பேனாவின் கதை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய நூலகர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். உடல்நலம் சரியில்லாத நிலையிலும் தலைவர் அவர்கள் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெரிய மனசுக்கு என் முதல் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பார்க்கர் பேனா பிறந்த விதம், போரை முடித்த கையெழுத்துகள், அந்தக் கம்பெனி கைமாறிய கதை. மூன்றுக்கும் அடியில் நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்கிற பழமொழி இருக்கிறது: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், ஜேன்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே ஒரு தந்திப் பள்ளி. ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர் அதில் வாத்தியார். சம்பளம் போதவில்லை. அதனால் ஜான் ஹாலண்ட் என்ற கம்பெனியின் ஊற்றுப் பேனாக்களை வாங்கித் தன் மாணவர்களுக்கே விற்றார். தந்தி படிக்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 'கட்', 'கடா' என்று சத்தமாகவே செய்தி வந்துகொண்டே இருக்கும். கை நிற்காமல் எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்து மை வராது, இல்லையென்றால் குபுக்கென்று கக்கிவிடும். பையன் யாரிடம் போவான்? விற்றவரிடம்தானே! "சார், நீங்க குடுத்த பேனா சார்" என்று வந்து நின்றிருப்பான்.

"வித்ததோட என் வேலை முடிஞ்சது" என்று அவர் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? சொல்லவில்லை, அம்மா! ஒவ்வொரு பேனாவையும் கழற்றினார், துடைத்தார், சரிசெய்து கொடுத்தார். கழற்றிக் கழற்றியே அதன் கோளாறு எங்கே என்று கண்டுகொண்டார். 1888இல் தொழில் தொடங்கினார், அடுத்த ஆண்டே முதல் காப்புரிமை. ஒரு பெரிய கம்பெனி முளைத்தது பழுது பார்த்த மேசையில். பிள்ளைகளே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ட கோளாறு என்ன? நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டை ஒன்று இருக்கும். பேனாவைப் பையில் நிமிர்த்திச் செருகினாலும் அந்தக் கட்டையில் கொஞ்சம் மை தங்கிவிடும். உடம்புச் சூட்டில் உள்ளே காற்று விரியும், தங்கிய மையை மேலே தள்ளும். மூடியைத் திறந்தால் விரலெல்லாம் மை. பார்க்கர் கட்டையின் பின்நுனியை வளைத்து, பேனாவின் உட்சுவரைத் தொடும்படி வைத்தார். தங்கிய மை சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. 1894இல் அதற்கும் காப்புரிமை. 'லக்கி கர்வ்', அதாவது அதிர்ஷ்ட வளைவு என்று பெயர். ஒரு சின்ன வளைவுதான்! சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றேனே, இதைத்தான்.

1921இல் பார்க்கரின் டுவோஃபோல்ட் என்ற பேனா வந்தது. கறுப்புப் பேனாக்கள் நிறைந்த காலத்தில் செக்கச்செவேலென்று ஒரு பேனா, விலை ஏழு டாலர். நிப்புக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். இன்று அப்படி எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? எதைக் கொண்டுபோனாலும் "ரிப்பேருக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு ஆறவே ஆறாது.

அந்த டுவோஃபோல்டை இன்றும் எழுதவைக்கலாம். உள்ளே மை நிறையும் ரப்பர் பை காலப்போக்கில் கெட்டுப்போகும், அவ்வளவுதான். நிப்பைப் பிடித்திருக்கும் கழுத்தைச் சூடான காற்றில் பதமாகக் காட்டி மெல்லத் திருகிக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் உடைந்துவிடும். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, புதுப் பையை அரக்குப் பசையால் ஒட்டி, மேலே கொஞ்சம் டால்கம் தூள் தடவி மூடினால், நூறு வயதுப் பேனா மை குடிக்கும். செய்தவன் தன் பொருளைக் கழற்றும்படி செய்தான். அதனால்தான் இது நடக்கிறது.

இரண்டாவது செய்திக்கு நேரம் போதாது போலிருக்கிறது. 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்த பத்திரத்தில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்று, அவர் மனைவியின் சிவப்பு டுவோஃபோல்ட். அதோடு நிறுத்துகிறேன். மூன்றாவது: பார்க்கர் கம்பெனி 1993இல் சவர பிளேடு செய்யும் ஜில்லெட்டிடம் போனது, 2000இல் நியூவெல் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியிடம் போனது. ஜேன்ஸ்வில் ஆலையையும் இங்கிலாந்தின் நியூஹேவன் ஆலையையும் மூடப்போவதாக 2009இல் அறிவித்தார்கள். பிறந்த ஊரிலேயே பேனா செய்வது நின்றது.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். எந்தப் பொருளைச் செய்கிறவரும் அதன் உதிரிப் பாகத்தைத் தனியே விற்க வேண்டும். இதைச் சட்டமாக்கக் கோரும் மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு சனிக்கிழமை ஓர் அறையும் இரண்டு மேசைகளும் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் பழைய பேனாக்களை எடுத்து வரட்டும். அரக்கும் ரப்பர் பையும் நான் கொண்டுவருகிறேன். நன்றி, வணக்கம்.