ரசீது என்று சொன்னேன்

(கோத்தகிரியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இசைத்துறையில் நிர்வாகம் செய்வது, கலைக்காக ஒரு அறக்கட்டளை நடத்துவது, கலைஞர்களுக்காக அரசிடம் போய்ப் பேசுவது, இதெல்லாம் ஒரு வேலையா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று பேசச் சொன்னார்கள். முடியும். முப்பது வருஷமாக நான் செய்வது அதுதான். எனக்குப் பாட வராது. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. படித்தது பி.காம்.

எங்கள் வீட்டில் இசை தாத்தாவோடு நின்றுவிட்டது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, அதுதான் இன்றைய டான்டீ. தாத்தா தப்பு என்கிற தோல் பறையை அடிப்பார். இலங்கைத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, ஆள் கூப்பிட அடித்ததும் தப்புதான், மாசி மாதம் காமன் கூத்துக்கு அடித்ததும் தப்புதான். கூப்பிட்டு வேலை வாங்கிய சத்தமும் சாமி கும்பிட்ட சத்தமும் ஒரே தோலிலிருந்து வந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுத் திண்ணையில் அவர் அதைச் சூடு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் கண்ணில் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கேசட் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பக்திப் பாட்டு, கிராமியப் பாட்டு கேசட்டெல்லாம் நன்றாக விற்ற காலம். ஒருநாள் நம்ம மலையிலிருந்து ஒரு குழு பாட வந்தது. பதினோரு பேர். ஊர்க்காரி என்பதால் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே நாளில் எட்டுப் பாட்டு பதிவாயிற்று. சாயங்காலம் ஆளுக்கு இருநூறு ரூபாய், பஸ் செலவு தனி. அப்புறம் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினோம். நான்தான் வாங்கினேன். மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

குழுவில் மூத்தவர் கட்டை விரலை மையில் வைக்கும் முன்னால் கேட்டார்: "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" அது ஆங்கிலத்தில் இருந்தது. பாடியதன் முழு உரிமையும் என்றென்றைக்கும் கம்பெனிக்கே என்று எழுதியிருந்தது. எனக்கு அது தெரியும், தட்டச்சு அடித்ததே நான்தான். "காசு வாங்கினதுக்கு ரசீது, தாத்தா" என்று சொன்னேன்.

அவர் வைத்துவிட்டார்.

கேசட் அட்டையில் அவர்கள் பெயர் வரவில்லை. "கிராமியக் கலைக்குழுவினர்" என்று போட்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் அந்தக் கம்பெனியில் படிப்படியாக மேலே வந்தேன். ஒப்பந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்கும்வரை வந்தேன். சட்டத்தை ஒழுங்காகப் படித்தது அங்கேதான். 1957இல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை என்று ஒன்று முதலில் இல்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பதிவு செய்தவருக்கும்தான் இருந்தது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துகிறவர் உரிமை உள்ளே வந்தது. இப்போது அது 50 வருஷம் நிற்கிறது. 2012 திருத்தம் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு. நிகழ்த்தியவர் இன்னார் என்று தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு.

நம் மலைப் பாட்டுகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிகள் பாடுகிற பாட்டுக்கு எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. எழுதியவர் இல்லை என்றால், எழுதியவருக்குச் சட்டம் தருகிற பங்கு யார் கைக்கும் வராது. ஆனால் பாடியவர் இருக்கிறார், அவருக்கு ஒரு குரல் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. அவர் பிடித்துக்கொள்ளக் கிடைப்பது அந்த ஒரு கயிறுதான். பக்கத்து மலையான அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அவர் பாடியது இருளர் மொழியில். பாட்டோடு அவர் பெயரும் சேர்ந்து இருந்ததால்தான் விருது சரியான வீட்டுக்குப் போயிற்று. அதே இடத்தில் "குழுவினர்" என்று போட்டிருந்தால் விருதை யாரிடம் கொடுத்திருப்பார்கள்?

சரி, அந்த வேலையை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தேன்? சட்டம் தெரிந்தவர்கள் எல்லோரும் கம்பெனி பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. வந்து ஒரு சின்ன அறக்கட்டளை பதிவு செய்தோம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், வருஷா வருஷம் தணிக்கை என்று பொறுமை வேண்டிய வேலைகள் நிறைய, அதையெல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. பணம் வரும் வழியை மட்டும் சொல்கிறேன். ஒரு அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. இருந்தாலும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேட்டால் உடனே புரிகிறது. பாட்டுக்கு என்று கேட்டால் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. விளக்குங்கள், கூச்சப்படாதீர்கள். விழா நடத்தப் பணம் தருகிறவர்களிடம் கணக்கெழுதும் பெண்ணின் சம்பளத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பெண் இல்லாவிட்டால் இரண்டாவது விழா நடக்காது.

கலைக்குக் கூலி என்பது இந்த மலைக்குப் புதிதில்லை. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் கொள் என்னும் குழலும் பறையும் கொம்பும் வாசித்தார்கள், இரும்புச் சாமானும் பானையும் செய்து கொடுத்தார்கள். இதே மலையில் வாழும் படகர்களிடமிருந்து அவர்களுக்குத் தானியம் வந்தது, தோடர்களிடமிருந்து எருமை வந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அந்த உறவு அறுந்தது. சாவுச் சடங்குக்குக் கோத்தர் இசை வேண்டாம் என்று படகர்களில் ஒரு சாரார் முடிவெடுத்தார்கள். பிறருக்காகப் போய் வாசிப்பது நமக்கு மரியாதையில்லை என்று கோத்தர்களிலும் ஒரு குரல் எழுந்தது. ஆனால் தங்கள் சாமிக்கும் தங்கள் சடங்குக்கும் அவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். இதை இசை நலிந்துபோன கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே வாசிப்பது, எங்கே வாசிக்க மாட்டோம் என்று முடிவெடுப்பது வாசிக்கிறவர் கையில் இருக்க வேண்டும். கலைஞருக்காகப் பேசுகிறேன் என்று கிளம்புகிற யாரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒரு குழுவைக் கூப்பிட்டு, வரவேற்புக்காக மேடைக்குக் கீழே பனியில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு சால்வையோடு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்களிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் போகும். எத்தனை பேர், எவ்வளவு சம்பளம், பாதி முன்பணம், வண்டி, சாப்பாடு, பெண்களுக்கு உடை மாற்ற அறை. தமிழில்தான் எழுதுவோம். குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவோம். இன்னொன்று, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் தமிழக அரசு அமைத்த நல வாரியம் இருக்கிறது. அதில் பதியாத கலைஞர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கப் பட்டம் எல்லாம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கடைசியாக அந்தப் பதினோரு பேர். நான் திரும்பி வந்தபோது மூத்தவர் காலமாகிவிட்டார். அவர் மகளிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்பா பேராவது போடுங்கக்கா" என்றார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பாடியவர்கள் யார் யார் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதி வருகிறேன். இதுவரை ஏழு பெயர் கிடைத்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டில் ஒரு பெண் தனியாக எடுத்துப் பாடுகிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். இப்போது போடுகிறேன், போனில் பதிந்துகொண்டு போய் வீட்டில் பாட்டிகளிடம் போட்டுக் காட்டுங்கள்.

தம்பி, அந்த ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.