பெரட்டு நேரத்தில் ஒரு பனிமலை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, லயத்தில் வளர்ந்தவன் நான். பனிமலையைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அடுப்படியில் இருப்பவர்களும் லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் கையில் இருக்கும் வேலையை விட வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

நான் போன இடம் சந்திரசிலா. நிலாப் பாறை என்று பொருள். வட இந்தியாவில், உத்தராகண்டில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 4000 மீட்டர். நம் பேராக் மாநிலத்தில் இருக்கும் கொர்பு மலை 2183 மீட்டர், சபாவின் கினபாலு 4095 மீட்டர். அப்படியென்றால் கினபாலு உச்சிக்குக் கொஞ்சம்தான் கீழே. ஆனால் இங்கே நடை தொடங்கும் சோப்தா என்ற ஊரே சுமார் 2700 மீட்டரில் இருப்பதால் ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். கயிறு வேண்டாம், பாறையில் தொற்றி ஏறவும் வேண்டாம். துங்கநாத் சிவன் கோயில் வரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் கல் பாவிய பாதை, அதற்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் மண்ணும் கல்லுமாகச் செங்குத்தான ஏற்றம். அவ்வளவுதான்.

சரி, எத்தனை மணிக்குக் கிளம்புவது? எனக்கு இதுதான் முக்கியம். தங்கிய இடத்தில், காலையில் பசியாறிவிட்டு எட்டு மணிக்குப் போங்கள் என்றார்கள். நான் மூன்று மணி என்று பிடிவாதமாக நின்றேன். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகிச் சரிவை ஒட்டி மேலே வரும், வரும்போதே குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் மேகமாகிவிடும். பல நாட்களில் பத்து மணிக்கெல்லாம் மலை மூடிக்கொள்ளும். இத்தனை தூரம் டிக்கெட் எடுத்துப் போய் வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அம்மா. அம்மா பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் மங்கு, அதாவது பால் சொட்டும் கிண்ணம், துடைக்க நானும் கூடப் போவேன். பெரட்டு, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது, முடிந்து மர நிரைக்குள் நுழையும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அம்மாவின் நெற்றி விளக்கு வெளிச்சம் ஒரு மரத்தின் பட்டையில் மட்டும் வட்டமாக விழும். முந்தின நாள் வெட்டிய கோட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுப்பார், நூல் மாதிரி நீளமாக வரும். அப்புறம் உளி. சர்ர்ரென்று ஒரு சத்தம், மெல்லிசாகப் பட்டை சுருண்டு விழும், உடனே வெள்ளையாகப் புள்ளி புள்ளியாய்ப் பால் அரும்பி, கோட்டில் இறங்கி, மங்கில் சொட்டும். அதற்குள் அம்மா அடுத்த மரத்தில் இருப்பார். ஓட மாட்டார், நிற்கவும் மாட்டார், முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை ஒரே நடை. ஏம்மா இருட்டிலேயே வருகிறோம் என்று கேட்டால், வெயில் வந்தால் மரம் கொடுக்காதுடா என்பார். உண்மைதான். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகி, மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் ஒழுக்கும் குறைந்துவிடும்.

மரத்துக்கும் மலைக்கும் ஒரே கணக்கு: வெயிலுக்கு முன்னால் போகணும்.

போன அக்டோபரில் நாங்கள் ஐந்து பேர், நெற்றியில் விளக்கோடு அந்தப் பாதையில் ஏறினோம். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, இங்கே நமக்குக் கிடைப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான். வேகமாகப் போனால் நெஞ்சு அடைக்கும். நான் அம்மா நடையைப் பிடித்துக்கொண்டேன். ஓடாமல், நிற்காமல். துங்கநாத் 3680 மீட்டர், ஐந்து கேதாரங்கள் என்று சொல்லும் சிவன் கோயில்களில் ஒன்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம், அதாவது கேதார்நாத், இதே மலைப் பகுதியில்தான் இருக்கிறது. நம் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இருட்டில் துங்கநாத் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சியில் விளக்கை அணைத்தோம். புல்லில் உறைபனி, மிதித்தால் நொறுங்கியது. முதலில் வெளிச்சம் எங்கேயும் இல்லை. அப்புறம் வடக்கே சௌகம்பாவின் நுனியில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி. சௌகம்பா என்றால் நாலு தூண், நம் கம்பம் என்ற சொல் நினைவுக்கு வரும். 7138 மீட்டர் மலை அது. அந்த நிறம் மெதுவாகக் கீழே இறங்கி, நாலு சிகரமும் பொன்னாகி, கிழக்கே திரிசூலும் 7816 மீட்டர் நந்தாதேவியும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாரும் பேசவில்லை. நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எத்தனை விடியலைப் பார்த்தவர் அவர், இந்த ஒன்றைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

ஒன்பதே காலுக்கெல்லாம் மேகம் வந்துவிட்டது. எட்டு மணிக்குக் கிளம்பியவர்கள் அப்போதுதான் எங்களுக்கு எதிரே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மற்றதை வேகமாகச் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்த அக்டோபர் நல்ல மாதம். குளிர்காலத்தில் துங்கநாத் கோயில் மூடியிருக்கும், சுவாமியைக் கீழே மக்குமத் என்ற ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சோப்தாவில் ஒரு நாளாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே இறங்குங்கள், எங்களில் ஒருவர் துங்கநாத்திலிருந்தே இறங்கினார், சோப்தா வந்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் நெற்றி விளக்குக்கு மாற்று பேட்டரி. குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.