இரவு மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

(செவிலியர் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புத் தங்கைகளே, தம்பிகளே,

உங்களில் பலர் இப்போதே விண்ணப்பம் அனுப்பத் தொடங்கிவிட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். எந்த மருத்துவமனை பெரியது, எங்கே சம்பளம் கூடுதல், யாருடைய அனுபவச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்று உங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசுங்கள். சம்பளத்தைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். அவற்றோடு சேர்த்துக் கேட்க இன்னொரு கேள்வியையும் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன். இரவு மூன்று மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன். முதலில் சேர்ந்த இடம் பெரிய, புதிய கட்டடம். மூன்றாவது வாரமே இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒரு பெரியவர் அங்கே இருந்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. காய்ச்சலும் இல்லை. ஆனால் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால் 28 வந்தது. 12 முதல் 20க்குள் இருக்க வேண்டியது. டாக்டரை அழைக்கப் போனை நோக்கிப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் முன்பு இதேபோல் எழுப்பியதற்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன். அரை மணி நேரம் தயங்கினேன். பக்கத்து வார்டிலிருந்து சலைன் பாட்டில் கேட்டு வந்த மூத்த சிஸ்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “என்னம்மா?” என்றார். சொன்னேன். நோயாளியை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்து என் கையில் வைத்து, “கூப்பிடு, நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார். விடிவதற்குள் பெரியவர் ஐசியூவுக்குப் போனார். பிழைத்தும் கொண்டார்.

உடல்நிலை சரியும்போது பெரும்பாலும் மூச்சுதான் முதலில் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். தெரிந்ததைச் செய்யவிடாமல் பயம் தடுத்தது. அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தது அந்த இடம்.

புதிதாகச் சேரும் செவிலியர் படும் இந்தத் தவிப்புக்கு மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் 1974ஆம் ஆண்டிலேயே ‘நிஜத்தின் அதிர்ச்சி’ என்று பெயர் வைத்தார். கல்லூரி கற்றுத்தந்த பணிக்கும் வார்டில் நடக்கும் பணிக்கும் உள்ள இடைவெளியில் விழுவது அது. பாட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் 1984இல், ஒரு செவிலியர் தொடக்கநிலையிலிருந்து நிபுணர் நிலைக்கு ஐந்து படிகளில் வளர்கிறார் என்று விளக்கினார். ஒரே வகையான பணியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருந்தபின் எட்டுவதே மூன்றாவது படிதான் என்கிறார் அவர். ஆகவே முதல் ஆண்டில் தடுமாறுவதை உங்கள் தகுதிக் குறைவாக எண்ணி அழாதீர்கள். அந்த ஆண்டைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

நேர்காணலில் “பயிற்சிக் காலம் எத்தனை வாரம்?” என்று எல்லோரும் கேட்பார்கள். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பதிலும் வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். “அந்த வாரங்களில் என்னை ஷிப்ட் ஆள் கணக்கில் சேர்ப்பீர்களா?” என்று கேளுங்கள். எல்லாமே இதில்தான் இருக்கிறது. கணக்கில் சேர்த்துவிட்டால் உங்களுக்கென்று தனி நோயாளிகள் வந்துவிடுவார்கள், கற்றுத்தர வேண்டியவருக்கும் அவருடைய நோயாளிகள் இருப்பார்கள். பிறகு பயிற்சி என்பது தாளில் மட்டும்தான். அடுத்து, “என்னோடு நிற்கப்போகும் மூத்தவர் ஒருவரா, நாளுக்கு ஒருவரா?” என்று கேளுங்கள். போன ஆண்டு சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பகலுக்குத் தனியாக, இரவுக்குத் தனியாக. லிண்டா ஐக்கன் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடையே, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. “சமாளித்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் இந்த எண்கள் உங்கள் நினைவுக்கு வர வேண்டும். சமாளிப்பின் விலையை நோயாளியும் சேர்ந்துதான் கொடுக்கிறார்.

முடிந்தால் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வரவேற்பறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவசரச் சிகிச்சை டிராலியின் மேலே தினசரிச் சரிபார்ப்புத் தாள் இருக்கும். அதில் நாள் விடாமல் கையெழுத்து இருக்கிறதா, இன்றைய கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அடர்த்தி மிகுந்த பொட்டாசியம் குளோரைடு மற்ற ஊசி மருந்துகளோடு கலந்து கிடந்தால் எனக்கு அந்த வார்டைப் பற்றிக் கவலை வரும். வேறு மருந்தென்று நினைத்துத் தவறி ஏற்றிவிட்டால் இதயத்தை நிறுத்திவிடும் மருந்து அது. ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால் இன்னும் நல்லது. பொறுப்பை ஒப்படைப்பவர் நோயாளியின் படுக்கை அருகே நின்று சொல்கிறாரா, பையை மாட்டிக்கொண்டு நடந்தபடியே சொல்கிறாரா? கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறாரா? பத்து நிமிடம் போதும், அந்த வார்டின் குணம் தெரிந்துவிடும்.

உங்கள் உடலையும் நினைத்துக்கொள்ளுங்கள். “நள்ளிரவில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி எனக்குக் குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், தடுப்பு மருந்து அப்போதே கிடைக்குமா?” என்று கேளுங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுதாகப் போடாதவர்கள் சேரும் நாளுக்காகக் காத்திராமல் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஐசியூவில் சேரலாமா என்று இங்கே வருவதற்கு முன் ஒரு தங்கை கேட்டார். ஒழுங்கான, நீண்ட பயிற்சி தருகிற ஐசியூ என்றால் தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால் பொது மருத்துவ வார்டுக்கே போங்கள் என்பேன். பல வகை நோயாளிகளைப் பார்த்து, யாரை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்கும் பழக்கம் அங்கே கையில் படியும். ஒப்பந்தப் பத்திரம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது.

நான் இரண்டாவதாகச் சேர்ந்த மருத்துவமனை சிறியது. அங்கே முதல் இரவுப் பணிக்கு முன், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு சீட்டில் தம்முடைய எண்ணை எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். அந்த மாதம் 11 முறை அவரை அழைத்தேன். எட்டு முறை ஒன்றுமே இல்லை. அந்த எட்டு முறையும் என்ன பார்த்தாய், எதனால் சந்தேகப்பட்டாய் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். ஒன்பதாவது ஆண்டில் நான் அந்த வார்டின் இன்சார்ஜ் ஆனபோது, புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் வேலையாக ஒரு சீட்டில் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.