எழுத்தில் எண்ணும் பார்வை

எல்லோருக்கும் வணக்கம்.

விழித்திரையின் நடுப்பகுதிதான் மாகுலா. வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவுக்குக் கண்ணில் ஊசி போடுகிறார்கள். பார்வை எவ்வளவு தேறும் என்று கேட்டால், ஆய்வுகள் எழுத்துக் கணக்கில்தான் பதில் சொல்லும். அந்தக் கணக்கை எடுப்பதே ஒரு தனி வேலை.

எழுத்து அட்டை 4 மீட்டர் தூரத்தில் இருக்கும். வரிக்கு 5 எழுத்து, மொத்தம் 14 வரி. படிக்கச் சொல்லும் முன் ஒவ்வொரு முறையும் பவரைப் புதிதாகப் பார்த்தாக வேண்டும். விட்டுவிட்டால், கண்ணாடியால் வந்த வித்தியாசம் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். வலக்கண்ணுக்கு ஓர் அட்டை, இடக்கண்ணுக்கு வேறு அட்டை. ஒரு கண்ணால் படித்ததை மனப்பாடமாக ஒப்பித்துவிடக் கூடாதல்லவா? "தெரியலீங்க" என்று நிறுத்துபவரை, "தோன்றுவதைச் சொல்லுங்கள்" என்று தூண்ட வேண்டும். இல்லையென்றால் நாம் அளப்பது கண்ணை அல்ல, கூச்சத்தை! 15 எழுத்து கூடினால், முன்பு படித்த எழுத்தின் உருவத்தில் பாதியே உள்ள சின்ன எழுத்தையும் படிக்கிறார் என்று பொருள்.

இரண்டு ஊசி மருந்துகளை ஒப்பிட அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய கேட் (CATT) ஆய்வில் 1,200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒருபக்கம் ரானிபிசுமாப், அப்போது ஊசிக்குச் சுமார் 2,000 டாலர். மறுபக்கம் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப், சுமார் 50 டாலர். இரண்டுமே கண்ணுக்குள் போவது 0.05 மில்லி. வித்தியாசம் 5 எழுத்துக்குள் அடங்கினால் சமம் என்று முன்கூட்டியே வரையறுத்தார்கள். மாதாமாதம் போட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாகக் கூடியது முறையே 8.5, 8.0 எழுத்து. அரை எழுத்துதான் இடைவெளி!

எந்த மருந்து என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் காப்பீட்டு ரசீதில் விலை உயர்ந்த மருந்தின் பெயர் அச்சாகி வந்தது! பார்வையை அளந்தவருக்குத் தெரியாததால் முடிவு தப்பியது.

சராசரியில் தெரியாத ஆபத்தும் உண்டு. பெவாசிசுமாபின் 4 மில்லி குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும் இடத்தில் கிருமி புகுந்தால், ஒரே குப்பியிலிருந்து பலர் கண்ணில் சீழ் பிடிக்கும்.

இதெல்லாம் ரத்தக் குழாய் கசியும் ஈர வகைக்கு. கசிவில்லாத உலர் வகையின் முற்றிய நிலைக்கு 2023-இல் அமெரிக்கா பெக்செட்டகோபிளான் என்ற மருந்தை அனுமதித்தது. அங்கே முக்கிய அளவுகோல் எழுத்து அல்ல. விழித்திரையில் செல்கள் அழிந்த பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் வளர்கிறது என்று படம் எடுத்து அளந்தார்கள். மருந்தால் அந்த வளர்ச்சியின் வேகம் குறைந்தது. அன்றாடப் பார்வையில் அதனால் நோயாளிக்கு என்ன பலன் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு கேட்டது; 2024-இல் அனுமதி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.