தேதி குறிக்காத கவலை

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் எதிர்காலத்தை நினைத்தால் நம் மக்களுக்கு எது பெரிய கவலையாக இருக்கிறது என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. நடமாட முடியாத மூத்தோரை அவர்கள் வீட்டுக்கே சென்று பார்க்கும் தாதியாக நெடுங்காலம் வேலை செய்தவள். புளோக் புளோக்காக ஏறி இறங்கிய அந்த வீடுகளில் காதில் விழுந்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

காப்பிக்கடையில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு விலைவாசியில் தொடங்கும். பொருள் சேவை வரி 9 விழுக்காடானது, பேரனின் வேலையைக் கணினி பறித்துக்கொள்ளுமோ என்பது, எல்லாம் வரும். கொஞ்ச நேரம் போனால் வீட்டுக் குத்தகைக்கு வந்து நிற்கும். 99 ஆண்டுக் குத்தகையில் 1960களில் கட்டிய வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளுக்கு இப்போது பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. "நான் போன பிறகு பிள்ளைக்கு இதில் என்ன மிஞ்சும்?" என்று குவீன்ஸ்டவுனிலும் தோ பாயோவிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

இன்னும் படித்தவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. கடலைப் பற்றியும் பேசுவார்கள். நம் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரம்கூட இல்லாதது. 2100ஆம் ஆண்டுக்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளிவந்த தேசிய பருவநிலை ஆய்வு கணித்திருக்கிறது.

இவை எவையும் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீருக்கு 2061 என்று ஒரு தேதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் 2003இலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலைகளைத் திறந்தார்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைக் கட்டினார்கள். கடலுக்கும் தேதி இருக்கிறது. கடலிலிருந்து நிலத்தைக் காக்க நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளிகூடத் தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையிலேயே கணக்குச் சொன்னார்கள். தேதியும் தொகையும் தெரிந்துவிட்டால் இந்த நாடு வேலையை ஆரம்பித்துவிடும். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு.

என்னை உறங்கவிடாத கவலைக்குத் தேதியே கிடையாது. யார் எஞ்சியிருப்பார்கள், யார் யாரைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அது.

1965இல் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலரைப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். 1972இல் 'இரண்டு போதும்' இயக்கம் வந்தது. மூன்றாவது பிள்ளை பெற்றால் அரசாங்க மருத்துவமனையில் பிரசவக் கட்டணம் கூடும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறையும். என் தலைமுறைப் பெண்களுக்கு அந்தச் சுவரொட்டிகள் இன்னும் கண்ணில் நிற்கும். நாம் சொன்ன பேச்சைக் கேட்டோம், அளவுக்கு மேலேயே கேட்டுவிட்டோம். 1970களின் பிற்பாதியிலேயே பிறப்பு விகிதம், மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. 1987இல் கொள்கையைத் திருப்பி, வசதி உள்ளவர்கள் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றார்கள். ஏறவில்லை. 2023இல் 0.97. ஒன்றுக்கும் கீழே போனது அதுவே முதல் முறை.

மறுபக்கம், 2030இல் குடிமக்களில் நாலில் ஒருவருக்கு வயது 65ஐத் தாண்டியிருக்கும். அதை முதுமையின் சுமை என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. நீண்ட ஆயுள் நாம் பாடுபட்டுச் சம்பாதித்த நன்மை. ஆனால் ஒற்றைப் பிள்ளை ஒற்றைப் பிள்ளையைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கு நாலு பெற்றோர். அந்த நாலு பேரில் ஒருவருக்கு மறதிநோய் வந்தாலே வீடு தலைகீழாகிவிடும். 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பதினொருவரில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது.

அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, எப்போதோ இறந்துபோன கணவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்று கதவைத் திறப்பார். மகள் வாசலில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். காலையில் அவளே எம்ஆர்டி பிடித்து வேலைக்குப் போக வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார், பழம் வாங்கி வருவார், அம்மா நன்றாகத்தானே இருக்கிறார் என்பார். கல்யாணமாகாதவள்தானே, அவளுக்கு வேறு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். மனம் கொதித்திருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களில் இது கொஞ்சநஞ்சமில்லை.

அந்த மகளின் வேலையை இன்று பல வீடுகளில் பணிப்பெண் செய்கிறார். ஏறக்குறைய 300,000 பேர் இந்தோனீசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து நம் வீடுகளைத் தாங்குகிறார்கள். அவர்களுக்கும் ஊரில் வயதாகிக்கொண்டிருக்கும் அம்மா உண்டு. எப்போதும் வந்துகொண்டே இருப்பார்கள் என்று நாம் எந்தத் தைரியத்தில் நினைக்கிறோம்? தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பிறப்பு விகிதம் 1.4 என்று இந்தியாவின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு காட்டுகிறது. வேண்டிய ஆள்களை ஊரிலிருந்து அழைத்துக்கொள்ளலாம் என்ற நம் பழைய தெம்பும் நாளைக்கு நிலைக்காது.

வெளியூர்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தாத்தாக்களும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தாம். அதற்கு மேல் இதில் நான் நீட்ட விரும்பவில்லை.

இளைய பெண்களிடம் வருகிறேன். பிள்ளை பெறாதவர்கள் சுயநலக்காரர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வாசலில் பாய் விரித்துப் படுத்த அத்தையைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். வீடு, வேலை, பிள்ளையின் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, துணைப்பாட வகுப்பு, மாமியாரின் மருத்துவச் சந்திப்பு எல்லாம் தன் ஒருத்தி தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி 'எப்போது நல்ல செய்தி?' என்று கேட்கிறோமே, 'நாங்கள் என்ன உதவி செய்யட்டும்?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அரசாங்கம் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துப் பார்க்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து தந்தையருக்கு நாலு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. அதற்கு மேல் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரலிலிருந்து பத்து வாரம். ஆனால் மகன் விடுப்பு எடுத்துத் துணி துவைத்தால் 'ஆம்பிளைக்கு இதெல்லாம் எதற்கு' என்று சொல்லும் பாட்டி வீட்டில் இருந்தால் எந்தச் சட்டமும் செல்லாது. தாய்மார்களே, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு நிறுத்தாதீர்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி அம்மாவின் பக்கத்தில் நீங்கள் படுங்கள். தங்கை தூங்கட்டும்.

மூத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். நமக்குச் சிந்தனை தவறினால் நம் உடல்நலத்தையும் பணத்தையும் பற்றி யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் எல்பிஏ பத்திரம் இருக்கிறது. 21 வயதானவர் எவரும் எழுதலாம். எழுதாமல் நினைவு தவறிப்போனால், வங்கியில் இருக்கும் உங்கள் பணத்தை உங்கள் மருந்துக்கு எடுக்கவே பிள்ளைகள் நீதிமன்றம் போக வேண்டி வரலாம். அபசகுனமாகப் பேசாதே என்று என்னை வாசலோடு அனுப்பிய வீடுகள் உண்டு. அதே வீட்டுப் பிள்ளைகள் பின்னர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞரைத் தேடி அலைந்ததையும் பார்த்தேன். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் இருந்தால் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ உங்களிடம் பேசி, விவரம் புரிந்துதான் செய்கிறீர்கள் என்று சான்றளிப்பார். வரும் சனி, ஞாயிறில் பிள்ளைகள் அனைவரையும், மகன்களையும் சேர்த்து, ஒன்றாக உட்காரவைத்து இதைப் பேசுங்கள். யாரை நியமிக்கிறீர்கள், ஏன் என்று அவர்கள் எதிரிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்தமைக்கு நன்றி. வணக்கம்.